அடைக்கலம் புகுந்தோரே அடைக்கலமான வரலாறு

(சிங்கம்புணரியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிங்கம்புணரிக்கு அண்மையில் எழுந்து நிற்கும் பிரான்மலையே வள்ளல் பாரி ஆண்ட பறம்பு மலை என்பது வழிவழியாகக் கூறப்பட்டு வரும் செய்தி. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியை வீழ்த்திய பின்னர், அவன் மகளிர் இருவரும் பிறந்த மலையை விட்டுக் கீழிறங்கினர். கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். அம்மகளிரை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். இருவரும் இசையவில்லை. இறுதியில் பார்ப்பாரிடம் அவர்களை அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார். புறநானூறு இச்செய்திகளைப் பல பாடல்களில் தருகிறது. அவற்றுள் மிகுதியானவை கபிலர் பாடியவை. மகளிரின் சொந்தக் குரலாக அந்நூலில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பாடல். அது ஐந்தே அடி கொண்டது.

நூற்றாண்டுகள் பல கடந்தும் தமிழர் நெஞ்சை உருக்குவது அந்த ஐந்தடிதான். நிலம் இழந்தோரைப் பற்றிப் பிறர் எவ்வளவும் பேசலாம். இழந்தோரே பேசும்போது சொல்லின் எடை வேறாகி விடுகிறது. அவர்கள் பேசுவதோடு நில்லாமல், தாமே ஒன்றுகூடி, தம்முள் மிக நலிந்தோரைத் தாமே தாங்கி நிறுத்தினால் என்ன நிகழும்? அதற்குத் தமிழகத்திலேயே விடை உண்டு. அவ்விடையை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

செட்டிநாட்டு மண்ணுக்கு இடப்பெயர்வு புதிய செய்தியன்று. 1942-இல் சப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, கப்பல் கிடைக்காத பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியா வந்தனர். 1960-களில் பர்மிய அரசு வணிகத்தை நாட்டுடைமை ஆக்கியபோது மீண்டும் ஓர் அலை திரும்பியது. காரைக்குடியில் இன்றும் பர்மா காலனி என்ற பெயர் வழங்குவது அந்த நாள்களின் நினைவாகவே. அவ்வாறு தாயகம் திரும்பியோரை உறுப்பினராகக் கொண்டு 1969-இல் கூட்டுறவு முறையில் தொடங்கப்பட்டதே ரெப்கோ வங்கி. அரசின் பங்கும் அதில் உண்டு. கையில் ஒன்றுமில்லாமல் கப்பலிலிருந்து இறங்கிய குடும்பங்கள் ஒரு வங்கியின் பங்குதாரர்களாக மாறின என்பது சிறிய செய்தியா? உதவி பெறுவோர் என்ற பட்டியலில் இருந்த பெயர் உறுப்பினர் என்ற பட்டியலுக்கு ஏறும்போது, அந்த மனிதரின் நிமிர்வும் உயர்கிறது.

ஆயினும் பர்மாவிலிருந்து திரும்பியோருள் பெரும்பாலோர்க்கு இந்தியா தாயகம். சட்டம் அவர்களைத் தன் மக்களாக ஏற்றது. 1983-இல் பாக் நீரிணையைக் கடந்து வந்தவர்களின் நிலை வேறு.

அவ்வாண்டு சூலைத் திங்களில் இலங்கையில் தமிழர்மீது கட்டவிழ்க்கப்பட்ட வன்முறைக்குப் பின்னர், தலைமன்னார்ப் பக்கமிருந்து படகுகள் இராமேசுவரக் கரையை நோக்கி வந்தன. 1987-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் பலர் நாடு திரும்பினர். 1990-இல் போர் மீண்டும் மூண்டது. திரும்பிச் சென்றவருள் பலர் இரண்டாம் முறையாகப் படகேறினர். 1990-களின் நடுவிலும் 2006-க்குப் பின்னும் மேலும் அலைகள் வந்தன. தமிழக அரசு 2021-இல் சட்டமன்றத்தில் வெளியிட்ட கணக்கின்படி, 1983 முதல் வந்தோர் 3,04,269 பேர். அப்போது முகாம்களில் வாழ்ந்தோர் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாழ்ந்தோர் 34,087 பேர். முகாம்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை. மண்டபம் அவற்றின் நுழைவாயில். சிவகங்கை மாவட்டத்திலும் ஒக்கூர், மூங்கிலூரணி முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன.

தொடக்கத்தில் கிட்டங்கிகளும் புயல் காப்பகங்களும் தகரக் கொட்டகைகளுமே வீடுகளாயின. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம். தடுப்பாகத் தொங்குவது ஒரு பழைய சேலை. குறித்த நாளில் நடக்கும் கணக்கெடுப்புக்கு ஆள் இருந்தாக வேண்டும். இல்லையெனில் பதிவும் உதவித்தொகையும் ஐயத்துக்கு உள்ளாகும். ஆண்கள் பெரும்பாலும் வண்ணம் பூசும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றனர். அரசு தந்த உதவித்தொகையும் மலிவு விலை அரிசியும் உயிரைக் காத்தன. இதனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறத்தலாகும். ஆனால் உயிரோடிருத்தல் வேறு, வாழ்தல் வேறு.

முகாமுக்குள்ளும் எல்லாரும் ஒரே தட்டில் இருப்பதில்லை. கணவனைப் போரில் இழந்து பிள்ளைகளோடு வந்த பெண், கண்ணெதிரே கண்ட கொடுமையால் பேச்சையே இழந்த சிறுவன், மகன் வேறு நாட்டுக்குப் போய்விடத் தனித்து நிற்கும் முதியவர், கால் இழந்தவர் ஆகியோர் ஏதிலியருள்ளும் ஏதிலியர். வெளியிலிருந்து வரும் உதவி வாசலில் வரிசை கட்டி நிற்பவரை எளிதில் சேரும். வரிசைக்கு வர இயலாதவரை எப்படிச் சேரும்? கணக்கெடுக்கும் அலுவலர்க்குத் தெரிவது பெயரும் எண்ணும். எந்த வீட்டில் இன்று அடுப்பு மூட்டவில்லை என்பது அடுத்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

இந்த எளிய உண்மையின்மேல் எழுப்பப்பட்டதே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். 1984-இல் சென்னையில் அதனைத் தொடங்கியவர் எஸ். சி. சந்திரகாசன். ஈழத் தமிழர் ‘தந்தை செல்வா’ என்று போற்றும் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மைந்தர். பிறர் ஏதிலியர்க்காக நடத்திய அமைப்பன்று அது. ஏதிலியராக வந்தவர்களே தம்மவர்க்காக நடத்திய அமைப்பு. களத்தில் உழைத்தோரும் முகாம்களிலேயே வாழ்ந்தவர்கள். ஊர் திரும்பும் நாள் வரும். அந்நாளில் வெறுங்கையோடு அன்றி, கல்வியோடும் தொழிலோடும் உடல்நலத்தோடும் திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. முகாமில் கழியும் ஆண்டுகளைக் காத்திருப்பாக எண்ணாமல் ஆயத்தமாக எண்ணிய அந்த மனப்பாங்கே பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் வித்து.

முதலில் கல்வி. ஓராண்டு பள்ளியை இழந்த பிள்ளையை மறுபடி வகுப்பில் அமர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். இடப்பெயர்வில் இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்த பிள்ளைகள் ஏராளம். முகாமிலேயே படித்த இளைஞர்கள் மாலை வகுப்புகள் நடத்தினர். 1991-இல் இராசீவ் காந்தி படுகொலைக்குப் பின்னர் முகாம்களின் மீது கெடுபிடி இறுகியது; தொண்டு நிறுவனங்கள் உள்ளே செல்வதற்கும் தடைகள் வந்தன. உயர்கல்வியில் இருந்த ஒதுக்கீடும் நின்றது. ஒரு சிலர் செய்த கொடுஞ்செயலுக்கு, அதனோடு எத்தொடர்பும் இல்லாத பிள்ளைகள் விலை கொடுத்தனர். அந்த இருண்ட ஆண்டுகளில், வெளியார் வர முடியாத இடத்தில், உள்ளேயே இருந்த மாலை வகுப்பு ஆசிரியரை யார் தடுக்க முடியும்? கதவு படிப்படியாக மீண்டும் திறந்தபோது, படிக்க ஆயத்தமாக ஒரு தலைமுறை காத்திருந்தது. கழகத்தின் துணையோடு பட்டம் பெற்ற மாணவர்கள் தம் முகாம்களில் தொண்டாற்றினர். பெற்ற கல்வியைத் தம்பி தங்கையர்க்குத் திருப்பித் தந்தனர்.

அடுத்து உடல்நலம். நலிந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் ஊட்டச்சத்து வழங்கும் பணி நடந்தது. சுருள்பாசி என்னும் சத்துமிக்க நீர்ப்பாசியை வளர்த்து உலர்த்தி ஊட்டமாகக் கொடுக்கும் முறையை முகாம் மக்களே பயின்றனர். முகாம் பெண்களுள் சிலர் நலப் பணியாளராகப் பயிற்சி பெற்றனர். சிலர் மனநல ஆற்றுப்படுத்துநராயினர். துயரைக் கேட்பவர் அதே துயரைக் கடந்து வந்தவராக இருக்கும்போது, சொல்லத் தயங்கிய நாவும் அவிழும். பெண்கள் சுய உதவிக் குழுக்களாகக் கூடிச் சிறு சேமிப்பும் சிறு தொழிலும் தொடங்கினர். கூட்டத்தில் எழுந்து தன் பெயரைச் சொல்லவே கூசிய பெண் வரவு செலவுப் பேரேட்டைப் படித்துக் காட்டும் நாள் வந்தது. அதிகாரம் பெறுதல் என்ற பெரிய சொல்லுக்கு முகாமில் கிடைக்கும் எளிய பொருள் அதுதான்.

மூன்றாவது பணி வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது; விளைவால் மிகப் பெரியது. அது காகிதம் சேர்க்கும் பணி. தமிழக மருத்துவமனையில் பிறந்த ஒரு குழந்தைக்கு இங்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டில் பிறந்த அக்குழந்தை இலங்கைக் குடிமகனாக ஏற்கப்பட வேண்டுமானால், அந்நாட்டுத் தூதரக அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்தாக வேண்டும். பெற்றோரின் ஆவணங்களோ தீயில் எரிந்திருக்கும் அல்லது கடலில் போயிருக்கும். பதிவு இல்லையேல், நாளை ஊர் திரும்பினாலும் பள்ளிச் சேர்க்கை முதல் பாட்டன் நிலம் வரை எல்லாவற்றிலும் சிக்கல். கழகத் தொண்டர்கள் முகாம் முகாமாகச் சென்று விண்ணப்பங்களை நிரப்பி, சான்றுகளைத் திரட்டிச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்துக்குக் கொண்டு சேர்த்தனர். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நாடு என்ற ஒன்று தாளிலாவது கிடைத்தது.

மலையகத் தமிழரின் நிலை இன்னும் இடர்மிக்கது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்றோரின் வழித்தோன்றல்களை 1948-இல் இலங்கை குடியுரிமையற்றோர் ஆக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாத்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாட்டுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. அப்பங்கீட்டிலும் விடுபட்டவர் பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர் ஏதிலியராக இங்கு வந்தனர். இலங்கை 2003-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அந்நாட்டில் வாழ்ந்தோர்க்கே பயன்பட்டது. 2009-இல் கொண்டுவந்த திருத்தமே தமிழக முகாம்களில் இருந்தோரையும் கருதிப் பார்த்தது. இரு நாட்டிலும் இல்லாதவராக வாழ்வது எத்தகைய வலி என்பதை அவ்வரிசையில் நின்றவரன்றி யார் எடுத்துரைக்க இயலும்?

காகிதத்தின் வலிமைக்கு ஓர் அண்மைச் சான்று உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தாம் இந்தியக் குடிமகளே என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். 1987 சூலை 1-க்கு முன்னர் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடியுரிமை உடையவர் என்பது இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் விதி. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். சட்டம் அவர் பிறந்த நாள்தொட்டே ஏட்டில் இருந்தது. பிறந்த இடத்தையும் நாளையும் காட்டும் ஒரு தாளும், அதனை ஏந்திச் சென்று கேட்கும் துணிவும் சேர்ந்தபோதுதான் அச்சட்டம் உயிர் பெற்றது.

இவ்வளவும் தம்மவர்க்குத் தாம் செய்துகொண்டவை. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையை வாரிச் சுருட்டியபோது வரலாறு ஒரு திருப்பம் கண்டது. இருபதாண்டுக் காலம் தமிழகத்தின் உதவியைப் பெற்று வாழ்ந்த ஏதிலியருள் பயிற்சி பெற்ற தொண்டர்கள், வீடும் உறவும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்களிடம் சென்றனர். அவர்களிடம் கொடுக்கப் பொருள் இல்லை. ஒரே இரவில் அனைத்தையும் இழந்தவரோடு அமர்ந்து பேசும் தகுதி அவர்களிடம் இருந்தது. இரத்தலும் ஈதலும் நிலையான இரு சாதிகள் அல்ல என்பதை அந்தக் கடற்கரை மெய்ப்பித்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஏதிலியரே நடத்தும் அமைப்பு எப்போதும் எல்லாருக்கும் நேர்மையாக நடக்கும் என்பதற்கு என்ன உறுதி? நியாயமான வினா. ஊர் இருக்கும் இடமெல்லாம் ஊரின் ஏற்றத்தாழ்வும் இருக்கும். படித்தவர் குரல் படியாதவர் குரலை அமுக்கலாம். ஆண்கள் பேசப் பெண்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்தார் முன் மலையகத்தார் ஒதுங்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. தாயகம் திரும்புவதை இலக்காகக் கொண்டு மூத்தோர் உழைத்தனர். முகாமிலேயே பிறந்து, தமிழகப் பள்ளியில் படித்து, இலங்கையைக் கண்ணால் காணாத இளையோருள் பலர் இங்கேயே குடியுரிமை வேண்டுகின்றனர். இரண்டு விருப்பங்களும் உண்மையானவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் அமைப்பு தன் மக்களுக்கே அயலாகிவிடும். ஆகவே உள்ளிருந்து எழுந்த அமைப்பு என்பது மட்டும் போதாது. மிக மெலிந்த குரலுக்கும் அங்கு இடம் இருக்கிறதா என்று இடைவிடாமல் கேட்டுக்கொள்ளும் அமைப்பே நலிந்தோர்க்கு உண்மையான துணை.

மற்றொரு வரம்பும் உண்டு. எத்துணை சிறந்த அமைப்பாயினும் அரசு தர வேண்டியதைத் தான் தர இயலாது. ஏதிலியர் குறித்த 1951-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச் சட்டமும் இல்லை. பொறியியல் படித்த முகாம் இளைஞர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாமல், மீண்டும் வண்ணத் தூரிகையைக் கையில் எடுக்க நேர்கிறது. இந்நிலை கல்வியின்மேல் வைத்த நம்பிக்கையையே அரித்துவிடும். 2021-இல் தமிழக அரசு உதவித்தொகையை உயர்த்தியது. 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. கதியற்றவர் என்ற பொருள் தரும் சொல்லைப் பலகையிலிருந்து நீக்கியது நல்ல தொடக்கம். வாழ்விலிருந்து நீக்குவதற்குச் சட்டம் வழிவிட வேண்டும்.

தமிழகத்தில் 1984-இலேயே முளைத்த இக்கருத்தை உலகம் மெல்ல ஏற்று வருகிறது. 2018 திசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட ஏதிலியர்க்கான உலகளாவிய உடன்பாடு, ஏதிலியர் நலம் குறித்த முடிவுகளில் ஏதிலியரும் பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. உகாண்டா போன்ற நாடுகளின் குடியேற்றங்களில் ஏதிலியர்க்கு உழுதுண்ண நிலத்துண்டு தரப்படுகிறது. குடியிருப்போரே தேர்ந்தெடுக்கும் நலக் குழுக்களும் அங்கு இயங்குகின்றன. முறைகள் நாட்டுக்கு நாடு மாறலாம். துன்பப்பட்டவரைத் துன்பத்தின் பொருளாக மட்டும் பாராமல், அதன் தீர்வை அறிந்தவராகவும் பார்க்க வேண்டும் என்ற அடிப்படை ஒன்றே.

இந்த அவைக்கு அது புதிய கருத்தும் அன்று. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானங்களைச் சமணம் வகுத்தது. அஞ்சினோர்க்கு இடமளிக்கும் அபய தானத்தின் தடமாகத் தமிழகக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்னும் தொடர் காணப்படுவதை மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘சமணமும் தமிழும்’ நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். புகலிடம் என்பது சுவரும் கூரையும் மட்டுமோ? அச்சம் நீங்கினால்தான் அபயம் நிறைவு பெறும். நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம், பிள்ளைக்கு நாடு இல்லையே என்ற அச்சம், தான் சுமையாகி விட்டோமோ என்ற அச்சம் ஆகியவை சோற்றால் மட்டும் தீர்வன அல்ல.

ஆகவே அறக்கட்டளைகளும் ஊர்ப் பெரியோரும் முகாமை நோக்கி நடக்கும்போது சில நெறிகளைக் கருதலாம். விழா நாளில் துணியும் இனிப்பும் கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எளிது. அதற்கு முன் முகாமிலுள்ள மகளிர் குழுவையும் மாலை வகுப்பு ஆசிரியரையும் கண்டு, என்ன தேவை, யாருக்கு முதலில் தேவை என்று கேட்பது முறை. கல்விக் கட்டணம் தருவோர் அதனை முகாம் குழுவின் வழியே தந்தால், யார் விடுபட்டார் என்பதை அக்குழுவே சொல்லும். படித்து முடித்த இளைஞர்க்குச் சட்டம் இடந்தரும் தனியார் பணிகளைத் தொழில் நடத்துவோர் தரலாம். ஆவணப் பணிக்கு வழக்கறிஞர் ஒருவர் திங்களுக்கு ஒருநாள் ஒதுக்கினால் அதுவே பெருங்கொடை. கொடுத்த பின்னர் கணக்குக் கேட்பதும் மதிப்பின் ஓர் அடையாளமே. பொறுப்புள்ளவர் என்று நம்புபவரிடம்தானே கணக்குக் கேட்க இயலும்?

முகாமில் பிறந்த முதல் தலைமுறை இன்று நாற்பதை எட்டுகிறது. அவர்கள் பிள்ளைகள் இப்போது பள்ளி செல்கின்றனர். அப்பிள்ளைகளுக்காகப் பேச ஆள்கள் பலர் இருக்கலாம். அவர்கள் தாமே பேசும் அவையில், பொறுமையோடு அமர்ந்து கேட்கும் செவிகளே இன்று பெரிதும் தேவை. அச்செவிகளுள் சில இந்த ஊரிலிருந்தும் இந்த அவையிலிருந்தும் கிடைக்குமானால், இன்று கூடியதன் பயன் கைகூடும்.